குக்கருக்கும் கிரைண்டருக்கும் நடுவே ஒரு கிடார்

மடியில் பத்து லிட்டர் குக்கர். காலடியில் இட்லிச் சட்டி. இடது தோளில் ஒரு மூட்டை சோனா மசூரி அரிசி உரிமையோடு சாய்ந்திருக்கிறது. இந்தக் கோலத்தில், ஒரு கிடார் கடையின் பார்க்கிங் லாட்டில், எங்கள் மினிவேனின் மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வேனின் பின்கதவு திறந்திருந்தது. வெளியே என் கணவர் செந்தில், கையில் அளவு டேப்போடு. அவர் பக்கத்தில் நண்பர் முரளி, கையில் போனோடு. இருவருக்கும் எதிரே கடையின் விற்பனையாளர், தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், கைக்கு ஒன்றாக இரண்டு கிடார்களைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் சாய்த்து உள்ளே விட முடியுமா?" என்று செந்தில் ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த மனிதர் கிடாரைச் சாய்த்து, என் மடியிலிருந்த குக்கருக்கும் முரளி வீட்டு கிரைண்டருக்கும் நடுவே இருந்த சந்தில் மெதுவாகச் செருகினார். கிடாரின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஆகாது," என்றார் முரளி. "கதவு இடிக்கும். நெக்ஸ்ட்."

கிடார் வாங்குகிறவர்கள் காதை வைத்து வாங்குவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் டேப்பை வைத்து வாங்கினார்கள்.

முதுகால் கேட்ட பாட்டுகள்

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கோடைதோறும் மலைப்பக்கம் கேம்பிங் போவோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். அந்தப் பாட்டுகளை எல்லாம் நான் முதுகால்தான் கேட்டிருக்கிறேன். முகம் இரண்டு பிளாஸ்டிக் டப்புகளைப் பார்த்து இருக்கும். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர்.

என்னை யாரும் சமையல் பொறுப்பில் போடவில்லை. முதல் வருஷம் சாம்பார் நன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

கை துடைத்துக்கொண்டு நான் வந்து உட்காரும்போது மணி பத்து ஆகியிருக்கும். பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை கேம்ப் கிரவுண்டில் பாட்டுக் கூத்து எதுவும் கூடாது. ரேஞ்சர் டார்ச் அடித்துக்கொண்டு ஒரு சுற்று வருவார். நெருப்பை அணைப்பார்கள். நாற்காலியை மடிப்பார்கள். நான் உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் என் நாற்காலியையும் மடிப்பார்கள்.

இதற்கிடையில் நான் கிடார் கற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் நிலா மிடில் ஸ்கூலில் அடம்பிடித்து வாங்கி, அடுத்த வருஷமே மறந்துபோன பெரிய கிடார் ஒன்று கராஜில் கிடந்தது. ஆபீஸ் வேலை முடிந்ததும் கராஜுக்குள் போய், டிரையரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் ஆன்லைனில் பாடம் கற்றேன். வீட்டில் எல்லோரும் நான் துணி காயப்போடுவதாக நினைத்தார்கள். இந்த வீட்டில் ஏன் இவ்வளவு துணி என்று யாருக்கும் தோன்றவில்லை.

விரல் நுனி முதலில் கொப்பளித்தது, பிறகு காய்த்தது. ஒருநாள் தோசைக்கல்லை இடது கையால் நகர்த்தினேன், சூடே தெரியவில்லை. அன்றுதான் நான் கிடார் வாசிக்கிறவள் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கேம்ப்பில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நானும் உட்கார்ந்து, ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டும். இதெல்லாம் ஒரு ஆசையா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு அது மிகவும் வேண்டியிருந்தது.

கோடை நெருங்கியபோது செந்திலிடம் சொன்னேன். "இந்தத் தடவ கேம்ப்புக்கு நான் கிடார் எடுத்துட்டு வரேங்க."

"அந்தப் பெருசையா? வேன்ல எங்க வெக்கறது?" என்றார். அவருக்கு ஈரோடு, பெரிய விஷயத்தையும் சிறிதாக்கிச் சொல்வார். "சின்னதா ஒண்ணு வாங்கிரலாம், உடு. நான் ரிசர்ச் பண்றேன்."

ரிசர்ச் என்ற சொல்லைக் கேட்டதும் என் கண் தானாக ஹால் கார்ப்பெட் பக்கம் போனது.

ஹாலில் பெய்த மழை

எங்கள் வட்டாரத்தில் எந்தப் பொருளும் சும்மா வாங்கப்படுவதில்லை. முதலில் ரிசர்ச் நடக்க வேண்டும். செந்திலும் முரளியும் சேர்ந்து செய்வார்கள். முரளி சென்னைக்காரர், சிப் டிசைன் வேலை. உலகத்திலுள்ள எல்லாப் பொருளுக்கும் அவர் ரிவ்யூ வீடியோ பார்த்திருப்பார். பொருளை மட்டும் பார்த்திருக்க மாட்டார்.

கூடாரம் வாங்கிய கதை இது. வாங்கியதும் எங்கள் ஹாலிலேயே அடித்துப் பார்த்தார்கள். சோபாவைச் சமையலறைக்கு நகர்த்திவிட்டோம். வாட்டர் ப்ரூஃப் என்று போட்டிருக்கிறதே, நிஜமா என்று பார்க்க முரளி தோட்டத்து ஹோஸைக் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்தார். கூடாரத்துக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அத்தனை தண்ணீரும் கார்ப்பெட்டில் இறங்கியது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஈர வாடை போக இரண்டு மாதம் ஊதுபத்தி கொளுத்தினேன்.

கிடாருக்கு வாட்ஸப் குழு ஆரம்பித்தார்கள். அதில் நான் இல்லை. ஆனால் இருவரும் எங்கள் டைனிங் டேபிளில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வீடியோ அனுப்பிக்கொண்டதால் எல்லாம் என் காதில் விழுந்தது. மரமா, கார்பன் ஃபைபரா? கழுத்து கழற்றுவதா, மடக்குவதா? செந்திலுக்குப் பிடித்தது துடுப்பு மாதிரி ஒல்லியாக ஒன்று. முரளிக்குப் பிடித்தது கழுத்தை மடக்கி முதுகுப் பையில் போட்டுக்கொள்ளும் கிடார்.

"கார்பன் ஃபைபர்னா மழைல விட்டாக்கூட ஒண்ணும் ஆகாது மச்சி," என்றார் முரளி.

"மழைல எதுக்குங்க விடணும்?" என்று கேட்டேன்.

"ஒரு பேச்சுக்கு, கல்பனா."

"சரி, சவுண்டு எப்படி இருக்கும்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேலைக்கு ஆகாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

"சவுண்டு எல்லாத்துலயும் வரும் கல்பனா," என்றார் செந்தில் பொறுமையாக.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எந்தக் கிடாராக இருந்தாலும் வேனில் இடம் வேண்டும். வேன் நிரம்பியிருக்கும்போது எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆகவே கேம்ப்புக்குப் போகும் அத்தனை சாமானையும் ஏற்றிக்கொண்டு, ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, கடைக்கே போய்விடுவது. ஆபீஸில் சாஃப்ட்வேருக்குச் செய்வதுபோல இதற்கு லோட் டெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். அந்த லோடில் நானும் ஒரு உருப்படி.

மூன்றாவது விசில்

குக்கர் இல்லாமல் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் முதல் கேம்ப்பிலிருந்தே அது கூட வருகிறது. அந்த முதல் தடவை, பைன் மரங்களுக்கு நடுவே, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில், முரளி பருப்புக்குக் குக்கர் வைத்தார். முதல் விசிலுக்குப் பக்கத்துக் கூடாரத்து அமெரிக்கர் எழுந்து நின்றார். இரண்டாவது விசிலுக்குத் தன் பிள்ளைகளைக் காருக்குள் ஏற்றினார். பிறகு தைரியம் வரவழைத்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்து, எல்லோரும் இடத்தைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டார்.

"நோ, நோ," என்றார் முரளி அமைதியாக. "ஒன் மோர்."

அந்தக் குடும்பம் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கவில்லை.

யார் வாசிக்கப் போகிறீர்கள்?

கடை வாசலுக்குத் திரும்புகிறேன். அடுத்து வந்த துடுப்புக் கிடார் சந்தில் கச்சிதமாகப் பொருந்தியது. மடக்குக் கிடாரோ பொருந்தியது மட்டுமல்லாமல் பக்கத்தில் ஒரு ஊறுகாய் ஜாடிக்கும் இடம் விட்டது. முரளிக்குக் கண் கலங்காத குறை.

அப்போதுதான் தாடிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களில் யார் வாசிக்கப் போகிறீர்கள்?"

செந்தில் முரளியைப் பார்த்தார். முரளி செந்திலைப் பார்த்தார். இத்தனை வார ரிசர்ச்சில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. நான் குக்கருக்கு மேலே கையைத் தூக்கினேன்.

தாடிக்காரர் அப்படியே குனிந்து என்னைத் தேடிப் பார்த்தார். பின்கதவு வழியாகவே பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு, அரிசி மூட்டைக்கு மறைவில் ஆள் இருப்பது அதுவரை தெரியாது.

குக்கரை வாங்கிக்கொண்டு கிடாரைக் கொடுத்தார். துடுப்புக்கு உடம்பே இல்லை. மடியில் நிற்காமல் கழுத்துப் பக்கமாகவே சாய்ந்தது. தோள்பட்டை வார் போட்டால் சரியாகும் என்றார். மடக்குக் கிடாரின் கழுத்து என் விரல்களுக்கு ஒத்துவரவில்லை. இரண்டுமே யாரோ ஒருவருக்கு நல்ல கிடார்தான். அந்த யாரோ நான் இல்லை.

"சின்னதாக, ஆனால் வயிறு உள்ளதாக ஒன்று வேண்டும்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். முழுக்க மரம், பழுப்பு நிறம், குட்டையான கழுத்து, சின்ன இடுப்பு. அரிசி மூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவே உட்கார்ந்தபடியே, விரல்களால் கம்பிகளை அழுத்தி ஒரு கார்டு பிடித்து மீட்டினேன். சத்தம் பெரிதில்லை, ஆனால் இதமாக இருந்தது. நெஞ்சுக்கு எதிரே மரம் அதிர்ந்தது. கூடவே காலடியில் இட்லிச் சட்டியின் மூடி 'ங்ங்' என்று ரீங்காரமிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இதுதாங்க," என்றேன்.

செந்தில் அதை வாங்கிச் சந்தில் விட்டுப் பார்த்தார். ஒரு சாண் வெளியே நீட்டியது.

"ஆகாது," என்றார் முரளி.

"ஆகும். கிரைண்டர் எறங்கட்டும்."

முரளி கிரைண்டர்மேல் கையை வைத்துக்கொண்டார். அது சாதாரண கிரைண்டர் இல்லை. போன வருஷம் முரளி அதைக் கேம்ப் கிரவுண்ட் ரெஸ்ட் ரூமில், கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்த பிளக்கில் மாட்டி உளுந்து அரைத்தவர். பல் தேய்க்க வந்தவர்கள் வாயில் பிரஷ்ஷோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றைய வடையைப் பற்றி இன்றுவரை பேசுகிறோம்.

"அப்ப வடை?" என்றார் முரளி.

"வடை கெடையாது. மாவு வீட்டுலயே அரைச்சு எடுத்துட்டுப் போவோம். ஞாயித்துக்கெழம காலைல இட்லி."

செந்தில் என் முகத்தைப் பார்த்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எந்த முகத்தோடு வாதாடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கிரைண்டர் இறங்கியது. கிடார் ஏறியது. பஞ்சு வைத்துத் தைத்த தடிமனான பை ஒன்றும் அதோடு வந்தது. அந்தப் பைதான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணம்.

கரடிப் பெட்டி

நாங்கள் போன மலையில் கரடி உண்டு. ஒவ்வொரு கூடாரத்துக்கும் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். சாப்பாடு, பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எதுவானாலும் அதற்குள் வைத்துப் பூட்ட வேண்டும். கூடாரத்தில் வைக்கக் கூடாது, காரிலும் வைக்கக் கூடாது. கையோடு வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தால் பாதகமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் கூடி வந்தது. ரசம் கொதிக்க வேண்டியது தவிர, சமையல் சீக்கிரம் முடிந்தது. பாத்திரங்களை இன்றைக்கு வேறு யாராவது கழுவட்டும் என்று முதல் தடவையாகத் துணிந்து விட்டுவிட்டேன். நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையிலிருந்து கிடாரை எடுத்துச் சுருதி சேர்க்க ஆரம்பித்தேன்.

"கல்பனா, ரசத்துக்குப் பெருங்காயம் எங்க?" என்று ஒரு குரல்.

எழுந்து போய்ப் பெருங்காயத்தை எடுத்து ரசத்தில் போட்டுவிட்டு வந்தேன். ஒரு கம்பியைத் திருகியிருப்பேன். "கல்பனா, குழந்தைங்களுக்குத் தயிர்?" மறுபடியும் எழுந்தேன். திரும்பி வந்தபோது கிடார் முரளி கையில் இருந்தது. செந்தில் டார்ச் அடிக்க, முரளி மர ரேகைகளைக் காட்டி எல்லோருக்கும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நடுவில் யாரோ, "ஒரு பாட்டு வாசிங்க முரளி," என்றார். "எனக்கு வாசிக்க வராது ஜி, டெக்னிக்கல் சைடு மட்டும்தான்," என்றார் அவர்.

அந்த டெக்னிக்கல் சைடு முடியும்போது ரேஞ்சரின் டார்ச் வெளிச்சம் வந்துவிட்டது. நாற்காலிகளை மடித்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கிடாரை முரளி கையிலிருந்து வாங்கி, பையைக்கூட எடுக்காமல், அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கூடாரத்தில் போர்வைக்குள் வைத்துப் படுத்துவிட்டேன். அந்த நேரத்தில் கரடி ஏதும் வந்திருந்தால் கரடிதான் பாவம்.

பையில் பொங்கியது

விடிந்ததும் வெளியே பேச்சுக் குரல் கேட்டது. சால்வையைப் போர்த்திக்கொண்டு கிடாரோடு வெளியே வந்தேன். எங்கள் கரடிப் பெட்டி திறந்திருந்தது. அதன் முன் ஒரு ரேஞ்சரம்மா நின்றிருந்தார். பெட்டிக்குள் என் கிடார் பை நிறைமாத கர்ப்பிணிபோல உப்பியிருந்தது. ஜிப்பின் வழியாக வெள்ளையாக ஏதோ நுரைத்து வழிந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மலைக் குளிரில் மாவு புளிக்காது என்று செந்திலுக்குக் கவலை வந்திருக்கிறது. நெருப்புக்குப் பக்கத்தில் பஞ்சு வைத்த பை காலியாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். மாவுத் தூக்கை அதற்குள் வைத்து, சுற்றிலும் வெந்நீர் பாட்டில்களை அடுக்கி, ஜிப்பை இழுத்துவிட்டு, கரடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அவருடைய கணக்கு தப்பவில்லை. மாவு பொங்கிவிட்டது.

"இது என்ன?" என்று ரேஞ்சரம்மா கேட்டார்.

"பிரேக்ஃபாஸ்ட்," என்றார் செந்தில்.

"இது கிடார் பை இல்லையா?"

"ஆமாம். ராத்திரி குளிராக இருந்தது."

"அப்படியானால் கிடார் எங்கே?"

செந்தில் என்னைக் காட்டினார். ரேஞ்சரம்மா என்னையும் கிடாரையும் மாறி மாறிப் பார்த்தார். கிட்டே வந்து குனிந்து கிடாரை முகர்ந்தார். நேற்றுப் பெருங்காயம் தொட்ட விரலால் நான் சுருதி சேர்த்திருக்கிறேன். அவர் சட்டென்று பின்வாங்கியதைப் பார்த்தால் கரடிகூட அப்படித்தான் பின்வாங்கும் என்று தோன்றியது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

பை இனி உணவுப் பொருள் என்று தீர்ப்பளித்தார். அது பெட்டியிலேயே இருக்க வேண்டும். கிடாரும் பெட்டிக்குள் போக வேண்டும். அல்லது யாராவது ஒருவர் அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். கீழே வைத்துவிட்டு நகரக் கூடாது. பெட்டியில் குக்கரும் அரிசியும் பொங்கிய பையும் போக ஒரு கரண்டிக்குக்கூட இடமில்லை.

"புரிந்ததா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு ஈடு

பிள்ளைகள் பசியோடு எழுந்து வந்துவிட்டார்கள். செந்தில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு என்னைத் தேடினார்.

"கல்பனா, இட்லி ஊத்தலாமா?"

"ஊத்துங்க. தட்டுல எண்ணெய் தடவிட்டு ஊத்துங்க," என்றேன்.

"நானா?"

"கிடாரக் கீழ வெக்கக் கூடாதுன்னு ரேஞ்சர் சொல்லிட்டுப் போயிருக்காங்களே. உங்க முன்னாடிதான சொன்னாங்க?"

அரசாங்க உத்தரவை மீறும் துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை. பாதிப் பேர் இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள். செந்தில் கரண்டியை எடுத்தார். இட்லிச் சட்டியை மூடினார். நான் கூலர் பெட்டிமேல் உட்கார்ந்து, ஏழு மணி வெயில் முகத்தில் பட, வாசிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் அப்பா சேலத்தில் ஷேவ் செய்யும்போது சீட்டியடிக்கும் பழைய பாட்டு அது. ஒரு இடத்தில் கார்டு தப்பியது. நிறுத்தவில்லை. பைன் மரக் காற்றும் இட்லி ஆவியும் பெருங்காயமும் சேர்ந்து மணத்தன. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். இட்லி வரும்வரை வேறு போக்கிடமும் இல்லை.

நிலா கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடாரத்திலிருந்து வந்தாள். "வெயிட். அம்மா, தட்ஸ் யூ? வென் டிட் யூ லேர்ன் திஸ்?"

"துணி காயப்போடும்போது," என்றேன். அவள் என் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் சாய்ந்துகொண்டாள். அவள் அப்படிச் சாய்ந்து எத்தனையோ காலம் ஆகிறது.

"கல்பனா," என்றார் செந்தில். "ஈடு வெந்துருச்சாட்டம் இருக்குது. வந்து பாரு."

பாட்டு பாதியில் இருந்தது. நான் எழவில்லை. அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார். பிறகு, கூப்பிட்டுப் பிரயோசனமில்லை என்று தெரிந்து, தானே மூடியைத் திறந்தார். ஆறவிடாமல், தண்ணீர் தெளிக்காமல், கொதிக்கக் கொதிக்கக் கரண்டியால் தோண்டினார். ஒரு இட்லிகூட முழுதாக வரவில்லை. பிய்ந்ததையெல்லாம் அள்ளித் தட்டில் போட்டு, பொடியைத் தூவி, நல்லெண்ணெயை ஊற்றிக் கொடுத்தார். எல்லோரும் அதையே வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் கடைசி வரியை வாசித்து முடித்தேன்.

எல்லோரும் கை தட்டினார்கள்; ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்ததால் தொடையில் தட்டினார்கள். செந்தில் கரண்டியோடு என்னைப் பார்த்தபடி நின்றார். அவர் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

முரளி பிய்ந்த இட்லியை மென்றபடி கிட்டே வந்தார். "சூப்பர் கல்பனா. நெஜமாவே சூப்பர். ஆனா அந்த ஃபோல்டிங் மாடலா இருந்தா சஸ்டெய்ன், அதான் சவுண்டு நிக்கிறது, இன்னும் கொஞ்சம்..."

செந்தில் கையிலிருந்த மாவுக் கரண்டியை வாங்கி முரளியிடம் நீட்டினேன்.

"அடுத்த ஈடு நீங்க ஊத்துங்க முரளி," என்றேன். "எனக்கு இன்னொரு பாட்டும் தெரியும்."